கதவுக்கு வெளியே ஒரு சத்தியம்

மனிதர்களின் வாயைப் பார்ப்பதற்காக எனக்குச் சம்பளம் தந்த காலம் ஒன்று இருந்தது.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் கனடாக் குடியுரிமை வழங்கும் அலுவலகத்தில் அப்போது நான் கிளார்க். சத்தியப்பிரமாணம் நடக்கும் நாட்களில் மண்டபத்துக்குள் ஈரக் கோட்டுகளின் வாசனையும், அன்றுதான் அலுமாரியிலிருந்து வெளியே எடுத்த பட்டுச்சேலைகளின் பூச்சியுருண்டை வாசனையும் கலந்திருக்கும். நீதிபதி மேடையில் நின்று துண்டு துண்டாகச் சொல்வார். எல்லோரும் எழுந்து, வலது கையை உயர்த்தி, அதைத் திருப்பிச் சொல்வார்கள். நான் சுவரோரம் நின்று, வரிசை வரிசையாக, வாய்கள் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சிலர் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். சிலருக்கு இடையில் அழுகை வந்துவிடும். பிரெஞ்சில் சொல்லும் கட்டம் வந்ததும் பாதிப் பேர் வாய்க்கு வந்ததை முணுமுணுப்பார்கள். பிழை பிடிக்க நானும் பிரெஞ்சு படித்தவள் அல்ல.

அந்த விதி வந்தது அந்த நாட்களில்தான். சத்தியம் சொல்லும்போது முகம் மூடியிருக்கக் கூடாது. தனியறையில் காட்டினால் போதாது. மண்டபத்தில், எல்லோருக்கும் முன்னால், திறந்த முகத்தோடு சொல்ல வேண்டும். தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வந்த விதி. அதை வாசலில் நின்று சொல்லுகிற வேலை என்னுடையது.

பனி உருகி வாசலெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலையில் பரீனா வந்தார்.

பிடிக்காத பெண்ணின் பெயர்

பரீனா என்பது உண்மையான பெயரல்ல. உங்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ. ஆனா பேரை நான்தான் வைப்பன்" என்று சொல்லி அவரே தெரிந்தெடுத்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிடிக்காத ஒரு பெண்ணின் பெயராம்.

அன்று கணவர் நிஸ்தாரும் சின்ன மகளும் கூட வந்திருந்தார்கள். மூவருக்கும் ஒரே நாளில் குடியுரிமை. பரீனா கறுப்பு அபாயாவும், கண் மட்டும் தெரிகிற நிக்காப்பும் அணிந்திருந்தார். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அக்கா தமிழோ?" என்றார். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். 'ச' வருகிற இடத்தில் மட்டும் மெல்லிய ஒரு சீழ்க்கை.

நான் அவரை ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"தங்கச்சி, சத்தியம் எடுக்கேக்கை முகத்தைத் திறக்க வேணும்."

"அதுக்கென்ன, வாங்கோ, ஒரு அறைக்குள்ளை போவம். எத்தினை தரம் வேணுமெண்டாலும் பாருங்கோ."

"அது காணாது. மண்டபத்துக்குள்ளை, சொல்லுற நேரம் திறந்திருக்க வேணும்."

"அங்கை என்னத்தைப் பாக்கப் போறீங்கள்?"

"வாய் அசையுதோ எண்டு."

கண்கள் இரண்டும் என்னைப் பார்த்தன. கோபமில்லை. கணக்குத் தெரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல.

"சத்தியம் காதாலையெல்லோ கேக்கிறது, அக்கா? எனக்குப் பக்கத்திலை வந்து நில்லுங்கோவன். சத்தமாச் சொல்லுறன்."

என்னிடம் விதிதான் இருந்தது. அதைத் திரும்பவும் சொன்னேன். இன்றைக்கு வேண்டாம் என்றால் இன்னொரு நாள் வரலாம், ஆனால் அன்றைக்கும் விதி இதுதான் என்றும் சொன்னேன்.

நிஸ்தார் அவரிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ கெஞ்சினார். "உம்மாவை நினைச்சுப் பார்" என்ற ஒன்று மட்டும் எனக்குக் கேட்டது. பரீனா தலையை அசைத்துவிட்டு, மகளின் கழுத்துப் பட்டையை இழுத்துச் சரிசெய்து, இருவரையும் உள்ளே அனுப்பினார். தான் வெளியே போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

சடங்கு தொடங்கியது. நீதிபதி முதல் துண்டைச் சொன்னார். வழக்கம்போல வாய்களைப் பார்த்துக்கொண்டு போன என் கண், மண்டபக் கதவில் பதித்திருந்த நீளக் கண்ணாடியில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பரீனா எழுந்து நின்றுகொண்டிருந்தார். வலது கை உயர்ந்திருந்தது. மூச்சுக்கு முகத்திரை மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் கை இறங்கவில்லை.

சட்டப்படி அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. நான் அதை ஒருவரிடமும் சொல்லவுமில்லை.

மரக்கறிக் கடையில் கேட்ட குரல்

நான் அப்போதும் இப்போதும் ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம்தான் இருக்கிறேன். அங்கே ஒரு தமிழ்க் கடையில், முருங்கைக்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் யாரோ கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். "சொதிக்கு இது முத்தல், தம்பி." அந்தச் சீழ்க்கை! முகத்தைப் பார்த்தும் ஆட்களை மறந்துபோகிறவள் நான். குரலை வைத்து ஒருவரைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை.

அலுவலகத்துப் பெண் என்று என்னைத் தெரிந்ததும் ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். "அக்கா, எங்கடை வீட்டுக்குக் கிட்டவோ இருக்கிறீங்கள்?" என்று சிரித்தார். கண்கள் சுருங்கினால் சிரிப்பு என்று நானும் படித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி சந்தித்தோம். ஒரு நாள் வாகனத் தரிப்பிடத்தில் நிஸ்தார் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சாமான் விநியோகிக்கிற ட்ரக் ஓட்டுகிறவர். நல்ல உயரம், ஆனால் மெல்லிய குரல்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ. நான் போடச் சொல்லி அவ போட்டவ இல்லை. வேண்டாம் எண்டுதான் சொன்னனான். என்னோடை வேலை செய்யிற ஆக்கள் நான் அடிச்சுப் போட வைக்கிறன் எண்டெல்லோ நினைக்கினம்!"

"நீங்கள் விளங்கப்படுத்தினதில்லையோ?"

"விளங்கப்படுத்தினால், பெண்சாதி சொல்லுக் கேக்கிறாவில்லை எண்டு சிரிக்கினம். ரெண்டிலையும் எனக்குத்தான் அடி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புத்தளத்தில் இருந்த பரீனாவின் உம்மாவுக்கு அப்போதே நீரிழிவு. அகதியாக வந்தவருக்கு இலங்கைக் கடவுச்சீட்டில் திரும்பிப் போவது சரிவராது. கனடாக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குக் குடியுரிமை வேண்டும். அதற்குச் சத்தியம் வேண்டும். ஒரு நிமிடம் துணியைத் தூக்கினால் முடிகிற காரியம் என்றுதான் நிஸ்தார் சொன்னார். ஒரு கோடை விடுமுறைக்கு அவரும் மகளும் புத்தளம் போய் வந்தார்கள். பரீனா ரொறன்ரோவில் இருந்து, உம்மா பேத்தியின் தலையைத் தடவுவதைக் கைத்தொலைபேசியில் பார்த்தார்.

ஏன்?

இந்தக் கேள்வி என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது. கேட்பது மரியாதையா என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை கோப்பிக் கடையில் கேட்டே விட்டேன். பரீனா குளிர்ந்த கோப்பியை முகத்திரைக்குக் கீழால் ஸ்ட்ரோ விட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். அதை எப்படிச் செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் என் தேநீர் ஆறிவிட்டது.

"உங்கடை உம்மா போட்டவவோ?"

"இல்லை. அவ தலைக்கு முக்காடு மட்டும். நானும் ஊரிலை போட்டதில்லை. இஞ்சை வந்துதான்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

பரீனா யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிறந்தவர். முஸ்லிம்கள் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர்க்காலத்தில் தமிழ் இயக்கம் ஒலிபெருக்கியில் போகச் சொன்னது, இவர்கள் மாற்றுத்துணியோடு போனார்கள். அப்போது அவர் சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு கலியாணம் வரைக்கும் புத்தளம் பக்கத்து முகாம்.

"ஓலைக் கொட்டில் அக்கா. கதவு எண்டு ஒண்டு இல்லை, சாக்குத்தான். குளிக்கிறது பொதுக் கிணத்திலை. எந்த நேரமும் ஆரோ பாத்துக்கொண்டு நிப்பினம். நிவாரணம் குடுக்க வாறவை பாப்பினம், படம் எடுக்க வாறவை பாப்பினம். ஒருத்தரும் கெட்ட ஆக்களில்லை. ஆனா பாப்பினம். இஞ்சை வந்து இதைப் போட்ட அண்டைக்குத்தான் எனக்கொரு கதவு கிடைச்ச மாதிரி இருந்தது."

நான் உருகிப்போய்விட்டேன். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பரீனா உடனே விரலை நீட்டினார்.

"அல்லாவுக்காகவும்தான். அதை விட்டிட்டு மற்றதை மட்டும் பிடிச்சு வைச்சிருக்காதேங்கோ. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முகாம் கதையைச் சொன்னால் அழுவினம். அல்லா எண்டு சொன்னால் கதையை மாத்துவினம்."

நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவள். எனக்கும் கதையை மாற்றவேண்டும்போல்தான் இருந்தது. மாற்றவில்லை.

"அப்ப விமான நிலையத்திலை?"

"பெண் ஆக்கள் வந்து பாப்பினம், காட்டுவன். லைசன்ஸிலை என்ரை முகம் இருக்கு. ஆரெண்டு தெரிய வேணுமெண்டால் காட்டுறன். ஆனா அந்த மண்டபத்திலை நான் ஆரெண்டு பாக்கேல்லையே, அக்கா. நான் கழட்டுறனோ எண்டெல்லோ பாக்கினம்."

திங்களும் வெள்ளியும்

இங்கே ஒரு கிளைக்கதை. மொன்றியலில் என் மச்சாள் ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் பின்னால் வந்த சட்டம் வேறு மாதிரி. அரசு மதம் சாராதது என்பதால், அரச சேவை செய்கிறவர்கள் முகத்தை மூடக் கூடாது. ஆசிரியர், பொலிஸ், நீதிபதி போன்றவர்கள் சமயச் சின்னமே அணியக் கூடாது. சிலுவை, முக்காடு, தலைப்பாகை எல்லாம் ஒரே வரிசையில்.

மச்சாள் சட்டத்துக்கு முந்தியே வேலையில் இருந்தவள். அதனால் அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் பாடசாலை ஓய்வறையில் இன்னொரு ஆசிரியை, வெறும் ஆர்வத்தில், பொட்டைக் காட்டி, "இது சமயமா, அலங்காரமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னாய்?" என்றேன் தொலைபேசியில்.

"திங்கக்கிழமையிலை அலங்காரம், வெள்ளிக்கிழமையிலை சமயம் எண்டு சொன்னன். அவள் சிரிச்சாள். எனக்குத்தான் சிரிப்பு வரேல்லை. இருபது வருசமா யோசிக்காமல் ஒட்டின பொட்டை இப்ப காலமையிலை யோசிச்சு ஒட்டுறன்."

அந்தச் சட்டத்தை ஆதரிக்கிற தமிழர்களும் அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேவாலயமும் மதகுருவும் ஆட்டிப்படைத்த ஊர் அது, அந்த மக்கள் கஷ்டப்பட்டுத்தான் அதிலிருந்து விடுபட்டார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். உண்மைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று நான் எதிர்பார்த்த வயது போய்விட்டது.

தனியறை

ஒட்டாவா விதிக்குத் திரும்புகிறேன். ஒரு பெண் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. தேர்தல் மேடைகளில் அதைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் விதி போயிற்று. எங்கள் அலுவலகத்துக்குப் புதிய அறிவுறுத்தல் வந்தது: பெண் ஊழியர் ஒருவர் தனியறையில் முகத்தைச் சரிபார்த்தால் போதும்.

பரீனா வந்த நாளில் அதற்கு நான்தான் இருந்தேன். தெரிந்தவர் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "தெரிந்தவரென்றால் இன்னும் நல்லது, சீக்கிரம் முடியும்" என்றார் அவர்.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் பழைய நாட்காட்டி. கதவைச் சாத்தினேன். பரீனா கைகளைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார்.

விண்ணப்பப் படத்தில் இருந்தவர்தான். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. சீழ்க்கை எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. இத்தனை நாள் பழகிய ஒருவரின் முகத்தைப் படத்தோடு ஒப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு புதியவரைப் பார்ப்பதுபோலவும் இருந்தது.

"சரியோ?"

"சரி."

"அப்ப ஏன் இன்னும் பாக்கிறீங்கள்?"

இருவரும் சிரித்தோம். அவர் திரும்பக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், முதல் வரிசையில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தியம் சொன்னார். பக்கத்தில் நின்ற கிழவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

முடிந்து வெளியே வந்தபோது, "அண்டைக்கு வெளியிலை நிண்டும் சொன்னனீங்கள், என்ன?" என்று கேட்டேன்.

"கண்டனீங்களோ?" என்று சற்றே வெட்கப்பட்டார். "பிள்ளை உள்ளை சொல்லேக்கை நான் சும்மா இருக்கிறதோ? எனக்கு அண்டைக்கே கனடா வந்திட்டுது அக்கா. இண்டைக்குப் பேப்பர்தான்."

அங்கே ஒரு விதி

கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் ஒருமுறை போய் உம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். சில வருடங்களுக்குப் பிறகு உம்மாவுக்குக் காலில் புண் ஆறாமல் போனது. பரீனா இரண்டாவது தடவையாகப் புத்தளம் போனார். அவர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில்தான், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதற்கடுத்த கிழமை இலங்கையில் முகம் மூடுவதற்குத் தடை வந்தது.

செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பரீனாதான். ஒரு மண்டபத்துக்குள் ஒரு நிமிடம் திறக்க மறுத்து, வருடக்கணக்காகக் காத்திருந்தவர். இப்போது ஒரு நாடு முழுக்கத் திறக்கச் சொல்கிறது. என்ன செய்வார்? நிஸ்தாரிடம் கேட்டேன். "வீட்டை விட்டு வெளிக்கிடுறாவில்லையாம். உம்மாவும் அதுக்கு ஓமாம்" என்றார்.

திரும்பி வந்த பிறகு, வோபர்னில் அவருடைய குசினியில் வைத்துத்தான் முழுக்கதையும் கேட்டேன். வீட்டுக்குள் பெண்கள் மட்டும் என்பதால் முகம் திறந்திருந்தது. இறைச்சிக் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"உம்மா என்னை விடக் கோவம். அவ வாழ்நாளிலை முகம் மூடினதில்லை. நான் மூடுறதும் அவவுக்குப் பிடிக்காது. ஆனா, 'அவங்கள் சொல்லிக் கழட்டாதை, உள்ளை இரு' எண்டிட்டா. இருந்தன். பேந்து ஒரு நாள் காய்ச்சல் கூடிப் போச்சுது. கால் கறுத்துப் போச்சுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும். வீட்டிலை நானும் அவவும் மட்டும்."

"என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? கழட்டி வைச்சிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டன்."

வெங்காயத்தை வழித்துச் சட்டிக்குள் போட்டார். சுர்ரென்று சத்தம். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இஞ்சை அவ்வளவு நாள் பிடிவாதமா இருந்தனீங்கள். அங்கை ஒரு நிமிசத்திலை கழட்டிப்போட்டீங்கள். எனக்கு விளங்கேல்லை, பரீனா."

அவர் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்கை எனக்குப் பக்கத்திலை உம்மா நடுங்கிக்கொண்டு இருந்தா. இஞ்சை மேடையிலை கொடி நிண்டது. கொடிக்குக் காய்ச்சல் வராது, அக்கா. அது காத்திருக்கும்."

"வெளியிலை போகேக்கை எப்பிடி இருந்தது?"

"வெயில் சுட்டது." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆஸ்பத்திரி வாசலிலை ஆமிக்காரன் நிண்டான். என்ரை முகத்தைப் பாத்தான். முகாமிலை இருந்த சின்னப் பிள்ளை மாதிரிக் கூனிப்போனன். அது உண்மை. ஆனா இன்னொண்டும் நடந்தது. அதையும் சொல்ல வேணும்."

வார்ட்டில் உம்மாவைக் கட்டிலில் கிடத்தியதும், பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா ஒருவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மகளா?" என்று கொச்சைத் தமிழில் கேட்டிருக்கிறார். தாதி வந்து கேட்காமலே, "உங்கடை அம்மாதானே, அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு" என்றாராம். வார்ட்டைக் கூட்டவந்த பெண்ணும் அதையே சொன்னாராம்.

"எனக்குத் தெரியாது அக்கா! சின்னனிலை நான் வாப்பா மாதிரி எண்டுதான் சொல்லுவினம். எப்ப உம்மா மாதிரி ஆனன் எண்டு தெரியாது. எங்கள் ரெண்டு பேரையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்து ஒருத்தரும் சொன்னதில்லை. ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல உம்மாவுக்கு ஒரே சந்தோசம். காலிலை ரெண்டு விரல் எடுத்துப்போட்டாங்கள். அந்த நோவிலையும், வாற ஆக்களிட்டை 'இவ ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்' எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தா."

"அப்பிடியெண்டால் ஏன் திரும்பப் போட்டனீங்கள்?"

"அது வேறை, இது வேறை." கொஞ்சம் யோசித்தார். "இல்லை, வேறை எண்டு சொல்லேலாது. ஒண்டு கிடைச்சா இன்னொண்டு போகுது. எனக்கு இதுதான் வேணும். போறதும் தெரியும்."

கறி கொதித்துக்கொண்டிருந்தது. குசினி யன்னல் முழுக்க ஆவி. அப்போது மேசையில் கிடந்த கைத்தொலைபேசி அடித்தது. பரீனா ஈரக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். புத்தளத்தில் விடிந்திருந்தது. திரையில் உம்மா. பின்னால் எங்கோ சேவல் கூவியது.

"பக்கத்திலை ஆர்?" என்றார் உம்மா.

"யோகாக்கா உம்மா. கந்தோரிலை என்ரை முகத்தைச் சரிபாத்தவ எண்டு சொன்னனெல்லோ."

"அவவிட்டைக் குடு."

தொலைபேசி என் கைக்கு வந்தது. பரீனா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். திரை நிறைய உம்மா. மூலையில் சின்னப் பெட்டிக்குள் நானும் அவரும். அதே நெற்றி. பதிலுக்குக் காத்திருக்கும்போது இடப்பக்கம் மட்டும் உயர்கிற அதே புருவம். இரண்டும் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

"நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை," என்றார் உம்மா. "இவ ஆர்?"

"உங்கடை மகள்" என்றேன்.

"வடிவாப் பாத்துத்தானே சொல்லுறீங்கள்?"

"வடிவாப் பாத்துத்தான் சொல்லுறன்."

பின்னால் பரீனா சிரித்தார். திரைக்குள் உம்மா சிரித்தார். எந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.